பாட்டு நிற்கும்வரை

கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஐயா. பத்தொன்பது வருடமாக எடுக்கிறேன், எனக்குத் தெரியும். தாலி கட்டுவதைக்கூட ஒரு முறைதான் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது பெண் அழுகிற இடத்தை மட்டும்தான். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எடுத்ததில் பெண் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வாள். நான் எடுத்ததில் தேம்பித் தேம்பி அழுவாள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் என்னைத் தேடி வருவது அதற்காகத்தான்.

என் பெயர் வினோத்ராஜ். தேனி கடைத்தெருவில் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். அதன் மாடியில் அம்மா கிருபாவதியின் பெயரால் கிருபா ஸ்டுடியோ நடத்துகிறேன். நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று ஸ்டேஷனில் நான்தான் உங்களிடம் கேட்டேன். பேசினால் நடுவில் கேள்வி வரும், வரிசை கெட்டுப்போகும்.

அந்த அழுகை எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெண் காரில் ஏறும் நேரத்தில் காமிராவோடு அவள் காதருகே போவேன். "அப்பா பந்தலுக்குப் பின்னால தனியா நின்னு அழுதுக்கிட்டு இருக்காகம்மா" என்பேன். அப்பா அநேகமாகச் சமையல்காரரோடு மீந்துபோன குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தப் பெண் உடைந்து போவாள். நான் ஒரு அடி பின்னால் வந்து ஃபோகஸ் வைப்பேன். பொய்யால் வந்த கண்ணீர் என்று யாரும் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்ததில்லை. நிஜமான முகம் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அதை வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு குறும்பட விழாவுக்குப் பேய்ப்படம் கேட்டிருந்தார்கள். எனக்கு ரொம்ப நாள் ஆசை. எத்தனை காலம்தான் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையே எடுப்பது? என் கதை சின்னது. ஒருத்தி தனியாக ஆடிப் பழகுவதற்கு ஒரு பழைய கட்டடத்துக்குள் போகிறாள். பாட்டைப் போடுகிறாள். பாட்டு முடியவே இல்லை. அது நிற்காதவரை அவளாலும் நிற்க முடியவில்லை. வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம் என்று எதையும் காட்டுவதாக இல்லை. அவள் முகத்தில் வருகிற பயம் மட்டும்தான் படம்.

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவளே ஆடலும் பாடலும் செட்டில் ஆடுகிற அனுசுயாதான். கூடலூரில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்தேன். பொழுது சாய்வதற்கு முன்பே ஆடலும் பாடலும் தொடங்கிவிட்டது. முதல் பாட்டிலேயே எவனோ ஒரு குடிகாரன் சோடா பாட்டிலை மேடையில் வீசி உடைத்தான். அனுசுயாவின் வலது காலில் கண்ணாடி ஏறியது. காமிரா வழியாக நான் பார்த்தேன். அவள் நிற்கவில்லை. சிரித்த முகம் மாறாமல் ஆடினாள். அவள் கால் பட்ட பலகையெல்லாம் சிவப்பாகிக்கொண்டே வந்தது. பாட்டு முடிந்த பிறகு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பிடுங்கினாள். வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காம என்னண்ணே. பாட்டு ஓடுறப்ப காலு நின்னுச்சுன்னா கீழ இருக்கவன் மேல ஏறி வந்துருவான். பாட்டு நிக்கட்டும், அப்பறமா அழுதுக்கிறலாம்னு எங்க செட்டுல மொத நாளே சொல்லிக் குடுத்துருவாக" என்றாள்.

உத்தமபாளையம் பக்கம் அவள் வீடு. கணவன் வேல்பாண்டி குமுளிப் பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். நான் வீட்டுக்கே போய்ப் பேசினேன். பேய்ப்படம் என்றதும் அவள் தயங்குவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"பேயா வந்தாலும் முழுச் சேலையில வாரேன்ல, அதுவே பெருசுண்ணே. எம்மக ஸ்கூல்ல அம்மா என்ன செய்றாகன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கிறா. இதக் காட்டலாம்ல."

வேல்பாண்டிதான் இரண்டு முறை கேட்டான், ஆபத்து ஒன்றும் இல்லையே என்று. நான் கூட இருக்கிறேனே என்று சொன்னேன். நான் கூடவே இருந்தேன் என்பது உண்மை.

படப்பிடிப்புக்கு மேகமலையில் ஒரு இடம் கிடைத்தது. கைவிட்ட எஸ்டேட் ஒன்றின் ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைப் பரப்பி உலர்த்துகிற அறை அது. வெளிப்பக்கம் அடுப்பு. அடுப்பின் சூடு ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவந்து புகைபோக்கிக்குப் போகும். சுற்றிலும் பலகைச் சுவர், ஒரே கதவு. அதை மூடிவிட்டால் பட்டப்பகலிலேயே உள்ளே கும்மிருட்டு. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

முதல் நாள் ஒன்றும் தேறவில்லை. அனுசுயா நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் சிரித்தாள். பயப்படு என்றால் கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு சிரித்தாள். பத்து வருடம் மேடையில் பழகிய உதடு. "மன்னிச்சுக்கங்கண்ணே, வாய் தானா அங்கன போயிருது" என்று அவளே வெட்கப்பட்டாள். பின்னாலிருந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். திடீரென்று விளக்கை அணைத்தேன். ஒரு வெடியைக்கூட வெடித்தேன். துள்ளினாள், உடனே சிரித்தாள். சத்தமும் இருட்டும் அவளை என்ன செய்யும்? அதற்குள்தானே ஆடிப் பிழைக்கிறாள். வெளியிலிருந்து வருகிற எதுவும் அவள் சிரிப்பைத் தொடாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். பயம் அவள் உடம்புக்குள்ளிருந்தே வர வேண்டும்.

அன்று மாலை ஸ்டோர் காவலாளி சுருளியாண்டியிடம், நாளைக்குக் குளிராக இருந்தால் அடுப்பைப் பற்ற வைக்கலாமா என்று கேட்டேன். மனிதர் பதறிப்போனார்.

"ஆளு உள்ள இருக்கையில தீயே வைக்கப்பிடாது தம்பி. குழாய் நாலு எடத்துல விண்டு கெடக்கு. பொகை தெரிஞ்சாலாவது இருமிக்கிட்டு வெளிய ஓடியாந்துருவான். தணலாக் கெடக்கும் பாருங்க, அப்பத்தான் மோசம். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எங்கப்பன் நாள்ல காயப் பொரட்டப் போன ஒருத்தன் ஒக்காந்த மேனிக்கே போயிட்டான். கொஞ்ச நேரம் தலை கிறுகிறுங்கும், நெஞ்சு படபடங்கும், அம்புட்டுத்தான்."

தலை கிறுகிறுக்கும், நெஞ்சு படபடக்கும் என்ற இரண்டை மட்டும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். மற்றதையும் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த படப்பிடிப்பைச் சனிக்கிழமைக்கு வைத்தேன். மகளுக்காகக் குச்சனூர் சனீஸ்வரனை நினைத்து அவள் சனிக்கிழமை பொழுது சாய்கிறவரை சாப்பிடுவதில்லை. அது எனக்குத் தெரியும். வெறும் வயிற்றில் முகம் கொஞ்சம் ஒட்டிப்போய் இருக்கும், கண் உள்வாங்கும். மேக்கப்பில் அது வராது.

நான் விடிந்ததுமே தனியாகப் போய் அடுப்பை மூட்டிவிட்டேன். காய்ந்த விறகுதான் போட்டேன். பச்சை விறகு புகையும், புகை வந்தால் லென்ஸ் மங்கும். பத்து மணிக்கு அவள் வருவதற்குள் எல்லாம் தணலாகி நின்றது. சுருளியாண்டியைச் சின்னமனூருக்கு ஒரு சாமான் வாங்க அனுப்பியிருந்தேன். அந்தச் சாலையில் போய்வர அரை நாள் ஆகும். பலகை இடுக்குகளில் வெளிச்சம் வந்தது, சாக்கு வைத்து அடைத்தேன். காற்றும் அதே இடுக்கு வழியாகத்தான் வரும், நான் என்ன செய்ய?

"இதென்ன இப்பிடிக் கதகதன்னு இருக்கு" என்று கேட்டாள் உள்ளே வந்ததும். மலைக் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சூடு வைத்தேன் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. "நல்ல மனசுண்ணே ஒங்களுக்கு" என்றாள். மாம்பழக் கலரில் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவள் கல்யாணச் சேலை அது.

காமிராவைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் உட்கார்ந்தேன். உள்ளே நடப்பது என் போனில் தெரியும். அவள் ரவிக்கையில் குத்தியிருந்த மைக் வழியாக மூச்சுகூட என் ஹெட்போனில் கேட்கும். பாட்டை உள்ளே இருந்த ஸ்பீக்கருக்கு நான்தான் போனிலிருந்து அனுப்பினேன். தவிலும் நாகசுரமும் கலந்து செய்யச் சொன்ன பாட்டு, ஆறு நிமிடம். அதை மூன்று முறை அடுத்தடுத்து ஒட்டி ஒரே பாட்டாக்கி வைத்திருந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மூச்சைச் சேமித்து ஆடுவாள். "பாட்டு நிக்கிற வரைக்கும் ஆடு" என்று மட்டும் சொன்னேன். அதை அவளுக்குச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

முதல் ஆறு நிமிடம் பழைய சிரிப்புதான். பாட்டு முடிகிற இடத்தில் கையைக் கூப்பி நின்றவள், மறுபடி தவில் விழுந்ததும் ஒரு கணம் காமிராவைப் பார்த்தாள். பிறகு ஆடத் தொடங்கினாள். எட்டாவது நிமிடத்தில் தாளம் ஒரு இடத்தில் தப்பியது. அவளுக்குத் தாளம் தப்பி நான் பார்த்ததில்லை. நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். வயிற்றைப் பிடித்தாள். விரதக் கிறுகிறுப்பு என்று நினைத்திருப்பாள். பத்தாவது நிமிடத்தில் மூச்சு மாறியது. ஹெட்போனில் அதைத் தெளிவாகக் கேட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் பேய்ப்படம் எடுக்கிறவனுக்குப் பயம் வருகிறதென்றால் வேலை சரியாகப் போகிறது என்றுதானே அர்த்தம்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கண்ணிலிருந்து போனது, பிறகு கன்னத்திலிருந்து. கடைசியில் உதடு தனியாக விரிந்து நின்றது, அதற்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு அதுவும் போனது. சுவர் நகர்கிற மாதிரி கையை நீட்டித் தடவினாள். யாரோ பின்னால் நிற்பதுபோல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்காதது அது. அறையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அவள் கால் மட்டும் நிற்கவில்லை. தவில் அடிக்க அடிக்க எழுந்து விழுந்துகொண்டே இருந்தது.

பதினாறாவது நிமிடத்தில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. நடுவில் வெட்டினால் எடிட்டிங்கில் ஒட்டாது. பாட்டு நின்றதும் கதவைத் திறந்தேன்.

என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கீழே இறக்கினேன். வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று விசாரிக்க வந்தவர்களிடம், பேட்டரி எடுக்கக் காருக்குப் போயிருந்தேன், திரும்பி வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று சொன்னேன். குழாய் விண்டிருந்தது தெரியாது என்றும் சொன்னேன். சுருளியாண்டிக்கு ஸ்டோரை வெளியாட்களுக்குத் திறந்துவிட அனுமதி கிடையாது. மனிதர் பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. வேல்பாண்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளாவது தூக்கிக்கிட்டு ஓடியாந்தீகளேண்ணே" என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

படத்தை மூன்று வாரத்தில் முடித்தேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. முதல் கார்டில் அவள் புகைப்படம், பெயர். அவள் ஆசைப்பட்ட மாதிரியே முழுச் சேலை. மைக்கில் பதிந்த குரலை மட்டும் முழுக்க அழித்துவிட்டு அந்த இடத்தில் பாட்டை வைத்தேன். விழாவில் திரையிட்டபோது பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பரிசு கொடுத்தார்கள். இந்த நடிகைக்கு எப்படி இந்த முகம் வந்தது என்று மேடையில் கேட்டார்கள். பொறுமை வேண்டும் என்று சொன்னேன்.

இந்த மாதம் ஒரு காலையில் பவானி ஸ்டுடியோவுக்கு வந்தாள். அனுசுயாவோடு அதே செட்டில் எட்டு வருடம் ஆடியவள். மாடிப்படியில் ஏறி வந்ததும் உட்காரவில்லை. போனில் படத்தை ஓரிடத்தில் நிறுத்தி என் முன்னால் நீட்டினாள்.

"இங்கன ஏண்ணே அக்கா குரல் இல்ல?"

"அந்த எடத்துல பாட்டு மட்டும் வரணும்னு எடுத்துட்டேன்மா. மூச்சுத்தான வாங்குறா."

"மூச்சு வாங்கல. பேசுறாக." அவள் குரலில் சூடு இல்லை. "மேடையில ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா ஒன்னுமே காதுல விழாதுண்ணே. எவன் கையப் பிடிக்க வாரான், எந்தப் பக்கம் ஒதுங்கணும், எல்லாம் நாங்க வாயப் பாத்துத்தான் பேசிக்கிருவோம். எட்டு வருசமா அக்கா வாயப் பாத்தவ நானு. இங்கன 'போதுமாண்ணே'ங்குறாக. ரெண்டு தடவ கேக்குறாக."

நான் காருக்குப் போயிருந்ததை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். அவள் தலையாட்டினாள். பிறகு படத்தை ஓட்டவிட்டாள்.

"கேட்டுப்பிட்டு நிக்கிறாக, பாருங்க. காதக் குடுக்குறாக. இப்பத் தலைய ஆட்டுறாக. ஆட்டிட்டு, திரும்பப் போயி ஆடுறாக. காருல இருந்த ஆளு சொன்னதுக்கா அக்கா தலைய ஆட்டுனாக?"

அந்தத் தலையசைப்பை எடிட்டிங்கில் நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். வெட்டியிருக்கலாம். வெட்ட மனம் வரவில்லை. அப்படி ஒரு ஷாட் என் வாழ்க்கையில் இனி அமையாது. குரலை அழித்தால் பேச்சு போய்விடும் என்று நினைத்தேன், காமிராக்காரனின் நினைப்பு அது.

பவானி கத்தவில்லை, சாபம் விடவில்லை. மாடிப்படியில் இறங்கப் போனவள் திரும்பி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து என்னிடம் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதன் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை, ஐயா. கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் வாய் அசைந்தால் பயமாக இருக்கிறது. கோயிலில் ஜெபம் செய்கிறவர்களைப் பார்க்க முடியவில்லை. அம்மா சோறு போடும்போது என்ன சொல்கிறாள் என்று மூன்று முறை கேட்கிறேன். அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

ஆகவே பவானி காட்டிய அந்தப் பன்னிரண்டாவது நிமிடம். நான் காரில் இல்லை, படியில் இருந்தேன். அவள் ஆடிக்கொண்டே காமிராவுக்கு இரண்டடி தூரம்வரை வந்தாள். கதவு அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதை நான் பூட்டவில்லை, தொட்டிருந்தால் திறந்திருக்கும். அவள் தொடவில்லை. கேட்டாள். முதல் முறை கேட்டபோது நான் பேசாமல் இருந்தேன், தானாக ஆடப் போய்விடுவாள் என்று. இரண்டாவது முறை கேட்டபோது குரல் குழறியது. உதட்டின் நிறம் மாறியிருந்தது. முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்கிற மாதிரி அந்த முகம் பதிலுக்காகக் காத்திருந்தது. என் கட்டைவிரல் போனில் பாட்டை நிறுத்துகிற இடத்தின் மேல்தான் இருந்தது. சுருளியாண்டி சொன்னது அத்தனையும் எனக்கு அப்போது ஞாபகம் இருந்தது.

நான் விரலை எடுத்துவிட்டேன். பலகைக் கதவில் வாயை வைத்துப் பதில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

போதாது என்று நான் சொன்னதாகப் பவானி எல்லாரிடமும் சொல்கிறாளாம். நான் படத்தில் இல்லை, என் வாயை அவள் பார்க்கவில்லை, அவளாக நினைத்துக்கொண்டு சொல்கிறாள். அதை மட்டும் தயவுசெய்து திருத்திப் பதிந்துகொள்ளுங்கள், ஐயா. அனுசுயாவிடம் நான் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை. "இன்னுங் கொஞ்சந்தான், தங்கச்சி" என்றுதான் சொன்னேன்.